வீட்டைக் கட்டிப் பார்: அட்டுவம்பட்டி எஸ்டிமேட்டும் இடிக்கிற 3,900 ரூபாயும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஆளைக் காணோமேன்னு யாரும் தேடியிருக்க மாட்டீங்கன்னு தெரியும் :-) இருந்தாலும் காரணத்தைச் சொல்லிடறேன். ஆபீஸ்ல ஆணி அதிகம். வீட்ல அதைவிடப் பெரிய ஆணி.

அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார். பொங்கலுக்கு மதுரை போயிருந்தப்போ ராத்திரி சாப்பிட்டுக்கிட்டே மெதுவா ஆரம்பிச்சார். "அட்டுவம்பட்டியில தாத்தா வீடு இருக்குற இடத்துலயே ஒரு வீட்டைக் கட்டிட்டு அங்க போய் உக்காந்துரலாம்னு இருக்கேன். என்ன ஆகும்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுடா. நீ இன்ஜினியர்தானே?"

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். பொட்டி தட்டுறவனுக்கும் செங்கல்லுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, அப்பா அகராதியில இன்ஜினியர்னா எல்லாம் ஒண்ணுதான். கையில இருக்குறது பி.எஃப். அது இதுன்னு எல்லாம் சேர்த்து 22 லட்சம். அதுக்கு மேல ஒரு பைசா கடன் வாங்க மாட்டேன்னு சொல்லிட்டார். அம்மா ஒண்ணும் சொல்லல. சோறு போட்டுக்கிட்டே கையில கிடந்த வளையலை ஒரு தடவை திருகி விட்டுக்கிட்டாங்க. அதை நான் பார்த்தேன். அப்போ அதுக்கு அர்த்தம் புரியல.

அட்டுவம்பட்டி தெரியாதவங்களுக்கு: கொடைக்கானல் பக்கத்துல, அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்குற ஊர்னு சொன்னா சட்டுனு புரியும். பல்கலைக்கழகம் வந்தது 1984ல. எங்க தாத்தா வீடு கட்டினது அதுக்கு முந்தி, 1981ல. 320 சதுர அடி. கல்லு சுவர், மண்ணு சாந்து, தகரக் கூரை.

கணக்குப் போட உக்காந்தேன். மொதல்ல எல்லாரும் செய்யிறதைத்தான் செஞ்சேன். சதுரடி ரேட் கேட்டேன். வத்தலக்குண்டுல தெரிஞ்ச மேஸ்திரி ஒருத்தர் 2,400 சொன்னார். மேல மலையில ஒருத்தரைக் கேட்டா 3,300. அப்பா நினைக்கிற 600 சதுர அடிக்கு ஒருத்தர் கணக்குல 14 லட்சத்து 40 ஆயிரம், இன்னொருத்தர் கணக்குல 19 லட்சத்து 80 ஆயிரம். அஞ்சு லட்சத்து 40 ஆயிரம் எங்கேருந்து வருது? "மலையேத்தணும்ல தம்பி"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டார் மேலே இருக்கிறவர்.

அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு நோண்ட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கண்ணைக் கட்டினா ஒரு டீ குடிச்சிட்டு வந்து படிங்க.

தலைச்சுமைக் கணக்கு

பழனி மலையில மனுசன் கட்டினதுல இன்னிக்கும் நிக்கிற ரொம்பப் பழைய கட்டுமானம் எதுன்னு பார்த்தா, அது உயிரோட இருக்குறவங்களுக்குக் கட்டினது இல்லை. பெரிய பெரிய கல் பலகைகளை நிறுத்தி மேல ஒரு பலகையை மூடின கல்திட்டைகள். பேத்துப்பாறை பக்கம் குள்ளர் குகைன்னு சொல்வாங்களே, அதேதான். செண்பகனூர் ஏசு சபைப் பாதிரியார் ஆங்கிளேட், நியூட்டனோட சேர்ந்து இதைப் பத்தி எழுதின நூல் 1928ல தொல்லியல் துறை வெளியீடா வந்துச்சு. அந்தக் கட்டுமானத்துல மலைக்குக் கீழேருந்து வந்த பொருள் எதுவும் தேவைப்படல. பாறை அங்கயே இருந்துச்சு, ஆளும் அங்கயே இருந்தாங்க.

அடுத்து 1821. லெப்டினன்ட் வார்டுங்கிற வெள்ளைக்காரர் சர்வே பண்ண மலையேறினார். 1845ல அமெரிக்கன் மதுரை மிஷன்காரங்க சன்னிசைடு, ஷெல்டன்னு ரெண்டு பங்களா கட்டினாங்க. கீழே சமவெளியில காய்ச்சலும் காலராவும் அவங்களைப் படுத்தின பாடுதான் மேல ஏத்தி விட்டுச்சு. கொடைக்கானல்னு இன்னிக்கு நாம சொல்ற ஊர் அந்த ரெண்டு வீட்லேருந்து தொடங்குது. 1863ல கலெக்டர் லெவிஞ்ச் தன் கைக்காசைப் போட்டு ஓடையை மறிச்சு ஏரியை உண்டாக்கினார்.

இதெல்லாம் எப்படி மேல போச்சு? ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்துல கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பு. அங்கேருந்து கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் செங்குத்தான பாதை. அதுக்குப் பேரே கூலி காட் தான். வசதியானவங்க குதிரை, பல்லக்கு. சாமான் எல்லாம் ஆள் தலையில. 1875ல ரயில் வந்து அம்மையநாயக்கனூர்ல ஸ்டேஷன் ஆச்சு. அதுதான் கொடைக்கானல் ரோடு. அப்பவும் ஸ்டேஷன்லேருந்து மாட்டு வண்டி, அப்புறம் தலைச்சுமைதான். வத்தலக்குண்டுலேருந்து மேல போற லாஸ் காட் ரோடு முடிஞ்சது 1914ல. அந்த ரோட்டுக்கு முன்னாடியே, 1899ல, சூரிய ஆய்வகம் இங்க வந்துடுச்சு. அந்தக் கருவிகள் எல்லாம் எப்படி ஏறியிருக்கும்னு நினைச்சாலே மூச்சு வாங்குது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டடக்காரங்க கட்டை விரல் கணக்கு ஒண்ணு உண்டு. கான்கிரீட் வீட்டுக்குச் சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பி. அப்பாவோட 600 சதுர அடிக்கு 240 மூட்டை. மூட்டைக்கு 50 கிலோ, ஆக 12 டன். கம்பி 2.4 டன். ஒரு ஆள் 25 கிலோ தூக்குறார்னு வெச்சா சிமெண்டுக்கு மட்டும் 480 நடை, கம்பிக்கு 96 நடை. மொத்தம் 576 தடவை ஒரு மனுசன் தலையில சுமையோட ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏறணும். மணல், ஜல்லி, செங்கல் இன்னும் சேர்க்கவே இல்லை.

இப்பப் புரியுதா, பழைய வீடெல்லாம் ஏன் கல்லு சுவரா இருக்குன்னு? மலைப் பாறை சார்னோக்கைட் வகை, நல்ல உறுதி. ஆனா சுண்ணாம்பு, கண்ணாடி, ஆணி எல்லாம் கீழேருந்து வரணும். மேலேயே கிடைக்கிறதை நிறைய போடு, கீழேருந்து வர்றதைச் சிக்கனமாப் போடு. அழகுக்காகக் கல்லு வெச்சாங்கன்னு நான் இத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதுல பாதி எஸ்டிமேட்டு.

மராமத்து பாஷை

எஸ்டிமேட் போடறதுன்னா என்னன்னு நம்ம ஊருக்கு எழுத்துல சொல்லிக் கொடுத்தது சர்க்கார்தான். முதல்ல மராமத்து இலாகா. மராமத்துங்கிறது அரபியிலேருந்து வந்த சொல், ரிப்பேர்னு அர்த்தம். அப்புறம் 1850களில் பொதுப்பணித்துறை. வேலையை மண்வெட்டு, அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சுன்னு ஐட்டம் ஐட்டமாப் பிரிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் நீளம், அகலம், உயரம் பெருக்கி அளவு எடுக்கணும். அந்த வருஷத்து ரேட் புத்தகத்துல உள்ள விலையால பெருக்கணும். கடைசியில எதிர்பாராச் செலவுன்னு 3லேருந்து 5 சதவீதம். இன்னிக்கு வரைக்கும் இதே முறைதான்.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ரெண்டு வார்த்தை. லீட், லிஃப்ட். மண்ணை வெட்டி 30 மீட்டர் தூரம் கொண்டுபோய்க் கொட்டுறது, ஒன்றரை மீட்டர் உயரம் தூக்குறது, இது ரேட்டுக்குள்ளயே அடங்கிடும். அதுக்கு மேல ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு உயரத்துக்கும் தனிக் காசு. சுமக்கிறவன் கழுத்து வலியைக் காகிதத்துல அளந்து எழுதின முறை அது. சதுரடி ரேட் சொல்ற யாருக்கும் இந்த ரெண்டும் தேவையில்லை. எல்லாத்தையும் ஒரே நம்பருக்குள்ள அமுக்கிடறாங்க. மலையில வீடு கட்டுறவனுக்கு அந்த நம்பருக்குள்ளதான் பள்ளம் இருக்கு. லாரி எங்க வரைக்கும் வரும்? அங்கேருந்து மனைக்கு எத்தனை அடி, எத்தனை படி? எங்க இடத்துக்கு லாரி வராது. ரோட்லேருந்து 70 மீட்டர் சரிவுல இறங்கணும்.

இதோட 1990ல மலைப் பகுதிகளுக்குன்னு மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வந்துச்சு. கொடைக்கானலுக்கு 1993ல மாஸ்டர் பிளான். சரிவு எவ்வளவு, எத்தனை மாடி, மண்ணு தாங்குமான்னு பார்க்கத்தான். கீழே மாதிரி பொக்லைனை இறக்கி அரை நாள்ல மண்ணை வழிச்சுட முடியாது, அனுமதி வாங்கணும். இதைத் தொல்லைன்னு நினைச்சேன். மழைக்காலத்துல எந்த வளைவுல மண்ணு சரியும்னு ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்போது அப்படி நினைக்கிறது தப்புன்னு அப்புறம் தோணுச்சு. ஆனா அதுக்கு ஆகிற மாசங்களும் செலவுதான். எஸ்டிமேட்ல ஒரு வரியாவது அதுக்கு வேணும்.

பர்மிட் காலம்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாம். தாத்தாவோட கணக்கு நோட்டு ஒண்ணு அப்பாகிட்ட இருக்கு. பழுப்பேறிப் போன நீள நோட்டு. முதல் பக்கத்துல "வீட்டு மதிப்பீடு ரூ. 12,000". கடைசிப் பக்கத்துல "ஆக மொத்தச் செலவு ரூ. 20,900". நடுவுல கல் உடைப்புக் கூலி, தகரம், லாரி வாடகை, சித்தாள் கூலி, டீ வடைன்னு ஒண்ணு விடாம எழுதியிருக்கார்.

அதுல அடிக்கடி வர்ற ஒரு வரி, "சிமெண்ட் பர்மிட் விஷயமாய் கீழே போய் வந்த வகையில்". ஏழு தடவை வருது.

நம்ம வயசுக்காரங்களுக்கு இது புரியாது. சிமெண்ட் வாங்க எதுக்குப் பர்மிட்? இரண்டாம் உலகப் போர்க் காலத்துல ஆரம்பிச்ச கட்டுப்பாடு, நடுவுல கொஞ்ச காலம் தளர்ந்தாலும் திரும்ப வந்து 1982 வரைக்கும் இழுத்துச்சு. விலையையும் சர்க்கார்தான் சொல்லும், யாருக்கு எத்தனை மூட்டைன்னும் சர்க்கார்தான் சொல்லும். இதுல வேடிக்கை என்னன்னா, இந்தியாவுல போர்ட்லாண்ட் சிமெண்ட் தயாரிக்க முதல் முயற்சி நடந்ததே 1904ல நம்ம சென்னையிலதான். கடல் சிப்பியிலேருந்து எடுக்கப் பார்த்தாங்க, ஓடல. 1914 வாக்குல போர்பந்தர்ல சரியாச்சு. 1934ல மதுக்கரை வந்துடுச்சு. ஆலை இருந்துச்சு, ஆனா தேவை அதைவிட வேகமா வளர்ந்துச்சு, வரிசை நீண்டுச்சு. 1982 ஜனவரியில மகாராஷ்டிர முதல்வர் அந்துலே பதவி விலகினதுக்குப் பின்னாலயே ஒரு சிமெண்ட் ஒதுக்கீட்டு விவகாரம் இருந்துச்சுன்னா பார்த்துக்குங்க.

அடுத்த மாசமே, 1982 பிப்ரவரி 28, பாதிக் கட்டுப்பாடு போச்சு. பழைய ஆலைகள் உற்பத்தியில மூணுல ரெண்டு பங்கை லெவியா சர்க்காருக்குக் கொடுத்துட்டு, மீதியை வெளி மார்க்கெட்ல விக்கலாம்னு ஆச்சு. முழுசா விட்டது 1989 மார்ச் 1. தாத்தா ஒரு வருஷம் பொறுத்திருந்தா அந்த ஏழு நடையில பாதியாவது மிச்சமாயிருக்கும். ஆனா 1981ல அவருக்கு அது எப்படித் தெரியும்? இப்ப நாம கூட 2025 செப்டம்பர்ல சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28லேருந்து 18 ஆகும்னு முந்தின வருஷம் கணக்குல எழுதியிருக்க முடியுமா?

எஸ்டிமேட்டைத் தாண்டாத வீடு உண்டா

12,000 போட்டு 20,900. அதாவது 1.74 மடங்கு. தாத்தா கணக்குல வீக்கா? இல்லைங்க. உலகமே இப்படித்தான்.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, எபேசு நகரத்துச் சட்டம் ஒண்ணைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். பொதுக் கட்டடம் கட்டுறவர் எஸ்டிமேட் கொடுக்கணும், வேலை முடியிற வரைக்கும் அவர் சொத்தை அடமானமா வெச்சிருப்பாங்க. சொன்ன தொகைக்குள்ள முடிச்சா மரியாதை. கால் பங்கு வரைக்கும் கூடினா ஊர்ப் பணம். அதுக்கு மேல போனா அவர் சொத்துலேருந்து எடுத்துக்குவாங்க. இதை நம்ம மேஸ்திரிகிட்ட சொன்னேன். போனை வெச்சிட்டார் :-)

சிட்னி ஓபரா ஹவுஸ் 1957ல 70 லட்சம் டாலர்னு சொன்னது, 1973ல முடியும்போது 10 கோடியே 20 லட்சம். நம்ம தொழில்ல மட்டும் என்ன வாழுது? பேரி போம் சாஃப்ட்வேர் செலவுக் கணக்கைப் பத்தின பெரிய புத்தகத்தை வெளியிட்டது 1981ல, தாத்தா வீடு கட்டின அதே வருஷம். ஆரம்பத்துல சொல்ற எஸ்டிமேட் நாலு மடங்கு மேலயும் போகலாம், நாலுல ஒண்ணாவும் ஆகலாம், வேலை நகர நகரத்தான் அந்த விரிசல் குறுகும்னு அவர் சொன்னார். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1979ல, கானமனும் ட்வெர்ஸ்கியும் சொன்னது இன்னும் நேரடி. மனுசன் தன் வேலையைத் திட்டம் போடும்போது எல்லாம் சரியா நடக்கும்னுதான் நினைப்பான். ஆகையினால உன் திட்டத்தைப் பார்க்காதே, உன்னை மாதிரி கட்டினவனுக்கு எவ்வளவு ஆச்சுன்னு பாரு.

என்னை மாதிரி கட்டினவர் யாரு? அதே ஊர், அதே மனை, அதே சரிவு. தாத்தாதான்.

மேல சொன்ன 19.8 லட்சத்தை 1.74ஆல பெருக்கினேன். 34 லட்சத்து 45 ஆயிரம். அப்பாகிட்ட 22 இருக்கு. பன்னெண்டரை லட்சம் துண்டு விழுது. ஒரே ஒரு வீட்டை வெச்சுப் போட்ட கணக்குதான், விஞ்ஞானம்னு சொல்ல மாட்டேன். ஆனா 5 சதவீதம் எதிர்பாராச் செலவுங்கிறதைவிட இதை நான் நம்புவேன்.

இடிக்கிற 3,900

தொழில் புத்தி போகாதே. நோட்டுல வரவுப் பக்கத்தையும் கூட்டிப் பார்த்தேன். கையிருப்பு 9,000. சொசைட்டி கடன் 6,000. கைமாத்து 2,000. மொத்தம் 17,000. செலவு 20,900. மூவாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதவே இல்லை. டீ வடை வரைக்கும் எழுதின மனுசன், இவ்வளவு பெரிய தொகையை எப்படி விட்டார்?

அப்பாவைக் கேட்டேன். "எனக்கு அப்போ பதினஞ்சு வயசுடா, எனக்கென்ன தெரியும்"னார். அப்பத்தாவைக் கேட்டேன். எண்பத்து மூணு வயசு. காது கொஞ்சம் மந்தம், மத்தபடி ஜம்முனு இருக்காங்க.

"அப்பத்தா, வீடு கட்டுறப்போ 3,900 ரூவா கணக்குல இடிக்குது. யாரு குடுத்தா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. "தகரம் வாங்கக் காசு பத்தலைன்னு உங்க தாத்தா திண்ணையில உக்காந்திருந்தாரு. மழ வந்துருச்சுன்னா சுவரு கரைஞ்சுரும்ல. நாலு வளையலு, மூணு பவுனு, எங்கம்மா போட்டது. கழட்டிக் குடுத்தேன்."

"அதை ஏன் தாத்தா எழுதல?"

"அதெல்லாம் எப்பிடிய்யா கணக்குல எழுதுவாக? திருப்பித் தர்றேன்னுதான் சொன்னாரு."

திருப்பித் தரல. அதைக் குறையா அவங்க சொல்லல. வெறுங்கையைத் தடவிக்கிட்டே எழுந்து உள்ளே போயிட்டாங்க.

அம்மா பொங்கலன்னிக்கு ஏன் வளையலைத் திருகினாங்கன்னு அப்பதான் எனக்கு உறைச்சது. துண்டு விழுற பணம் எங்கேருந்து வரும்னு அவங்க மனசுக்குள்ள ஒரு எஸ்டிமேட் போட்டு முடிச்சிட்டாங்க. நான் எக்ஸெல்லைத் திறக்கிறதுக்கு முன்னாடியே.

அப்புறம் என்ன செஞ்சேன்

லாரி பேக்கர் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. பர்மிங்ஹாம்ல பொறந்து கேரளாவுல வாழ்ந்து 2007ல மறைஞ்ச கட்டடக் கலைஞர். கேரளா வர்றதுக்கு முன்னாடி இமயமலையில பித்தோராகர் பக்கம் பதினஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தவர். மலை ஜனங்க பக்கத்துல கிடைக்கிற கல்லையும் மண்ணையும் மரத்தையும் வெச்சுக் கட்டுறதைப் பார்த்துதான் தொழிலைத் திரும்பக் கத்துக்கிட்டதா சொல்லுவார். நல்ல வீடுன்னா சுத்தி அஞ்சு மைலுக்குள்ள கிடைக்கிற பொருள்ல கட்டணும்னு காந்தி சொன்னதையும் அவர் அடிக்கடி நினைவுபடுத்துவார்.

எங்க மனைக்கு அஞ்சு மைலுக்குள்ள என்ன இருக்கு? இன்னிக்கு மலையில நினைச்ச இடத்துல கல் உடைக்க முடியாது. ஆனா உடைச்ச கல்லு ஏற்கனவே அங்கயே சுவரா நிக்குது. அப்பா அதை இடிக்கத்தான் திட்டம் போட்டிருந்தார்.

போன மாசம் ஒரு கட்டட இன்ஜினியரைக் (நிஜமான இன்ஜினியர்!) கூட்டிட்டுப் போய்க் காட்டினோம். கூரையும் தரையும் போச்சு, சுவர் உறுதியாத்தான் இருக்கு, ஒரு மூலையில மட்டும் பிரிச்சுக் கட்டணும்னார். புதுக் கணக்கு இப்படி: பழைய 320 சதுர அடிக்குக் கூரை, தரை, மூலை ரிப்பேர், வயரிங் எல்லாம் 5 லட்சம். ஒட்டினாப்புல புதுசா 220 சதுர அடியில சமையக்கட்டும் பாத்ரூமும், 3,300 ரேட்ல 7 லட்சத்து 26 ஆயிரம். மொத்தம் 12 லட்சத்து 26 ஆயிரம். தாத்தாவோட 1.74ஆல பெருக்கினா 21 லட்சத்து 33 ஆயிரம். 22க்குள்ள அடங்குது. 600 சதுர அடி 540 ஆச்சு, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு முதல்ல முகம் சுருங்குச்சு. புது வீடுன்னு ஊர்ல சொல்ல முடியாதேன்னு வருத்தம். நான் எக்ஸெல்ல கடைசி வரியைக் காட்டினேன். "அம்மா வளையல்: 0. மாத்தக் கூடாது"ன்னு போட்டு அந்தக் கட்டத்தைப் பூட்டி வெச்சிருந்தேன். அப்பத்தா கதையையும் சொன்னேன். அவருக்கு அது இதுவரைக்கும் தெரியாது. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் நோட்டைக் கேட்டு வாங்கி, வரவுப் பக்கத்துல தாத்தா கையெழுத்துக்குக் கீழே, பேனாவால ஒரு வரி எழுதினார். "அம்மா வளையல் 4க்கு ரூ. 3,900."

நாப்பது வருஷம் கழிச்சுக் கணக்கு நேராச்சு.

வேலை மழைக்கு அப்புறம் ஆரம்பிக்கும். 1.74 சரியா தப்பான்னு முடிஞ்சதும் இன்னொரு பதிவு போடறேன், திட்டுறவங்க அப்போ வந்து திட்டலாம். உங்க வீட்லயும் இப்படிப் பழைய கணக்கு நோட்டு இருந்தா எடுத்து வரவுப் பக்கத்தைக் கூட்டிப் பாருங்க. எவ்வளவு இடிக்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: நான் கட்டட இன்ஜினியர் இல்லை. இந்தக் கணக்கை வெச்சு யாராவது வீடு கட்டி எஸ்டிமேட் தாண்டினா, எபேசு சட்டம் எனக்குச் செல்லாது. சொத்துன்னு என்கிட்ட இருக்குறது இந்த லேப்டாப் மட்டும்தான், அதுவும் கம்பெனியோடது.